மாயாமாளவகௌளைக்கு மார்க் போட்டோம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த சாயப்பட்டறை, அருள்புரத்தைத் தாண்டி, பல்லடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கீழே பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள். மாடியில் லேப். லேபில் இரண்டே பேர், இன்-சார்ஜும் நானும். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை ஏம்மா என்பார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். எனக்கு வேதியியல் பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரைப் பயர் என்போம். பயர் அனுப்பும் விரல் அகலத் துணித்துண்டைப் பார்த்து, அதே நிறத்தை, எங்கள் பேச்சில் ஷேடை, நாங்கள் சின்னப் பீக்கர்களில் காய்ச்சி எடுக்க வேண்டும். காய்ச்சிய துண்டையும் பயரின் துண்டையும் வெளிச்சப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்கு ஒரு சாம்பல் நிற அட்டை உண்டு, கிரே ஸ்கேல் என்போம். ஐந்து என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்று என்றால் தேறவே தேறாது. நடுவில் நாலு-அஞ்சு, மூணு-நாலு என்று அரைப்படிகளும் உண்டு. ஒரு நாளைக்கு இருபது முப்பது துண்டுகளுக்கு மார்க் போட்டுப் போட்டு, வீட்டில் அம்மா வைக்கும் ரசத்துக்குக்கூட மனசுக்குள் மூணு-நாலு என்று போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன்.

சார் கிறிஸ்தவர். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சர்ச்சில் பாடகர் குழுவுக்குத் தலைவர். கீபோர்டும் அவர்தான் வாசிப்பார். பீக்கர்கள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் மேசை விளிம்பில் விரல்களை ஓட்டியபடி ஏதாவது முனகிக்கொண்டிருப்பார். ஒரு திங்கட்கிழமை முனகல் இல்லை. மதியம் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து வாரம் இருந்தது. பழைய கீர்த்தனை ஒன்றை கீபோர்டில் கார்டு சேர்த்துப் புதிதாகச் செய்யலாம் என்று பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். கார்டு என்றால் மூன்று சுரங்களை ஒரே சமயத்தில் அழுத்துவது. இளவட்டங்களுக்கு ஒரே குஷி. ஆனால் குழுவில் ஒரு டீச்சர் இருந்தார். ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, இருபது வருடமாகக் குழுவில் பாடுகிறவர். இரண்டாவது அடி முடிவதற்குள் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டாராம். “தம்பி, அந்த எடத்துல நாங்க ஒரு பாட்டுப் பாடறோம், உங்க பொட்டி வேற ஒரு பாட்டுப் பாடுதுங்க. எனக்குப் பல்லு கூசுது,” என்றாராம். உடனே பெரியவர்கள் நாலைந்து பேர் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

“மூணே மூணு கார்டும்மா. ஊர்ல பாதிப் பாட்டு அந்த மூணுலதான் ஓடுது. இதுல எங்க பல்லு கூசறது?” என்றார் சார்.

அந்தப் பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னேன். தயிர்சாதக் கையோடு ஒரு அடி பாடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அது மாயாமாளவகௌளை. கர்நாடக சங்கீதம் கற்கப் போகிற எவரும் முதல் நாள் சரளி வரிசை பாடுவது அந்த ராகத்தில்தான். அவிநாசியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாரம் இருமுறை வயலின் வகுப்பு நடந்தது. என்னையும் அக்காவையும் அப்பா சேர்த்துவிட்டார். அக்கா இரண்டே மாதத்தில் கழன்றுகொண்டாள். நான் ஒன்பது வருடம் போனேன். அந்த ராகத்தின் ரி சின்ன ரி, ஸாவை ஒட்டினாற்போல் இருக்கும். த-வும் சின்ன த, ப-வை ஒட்டியிருக்கும். சார் அழுத்துகிற மூன்று கார்டுகளில் ஒன்றில் பெரிய ரியும் இன்னொன்றில் பெரிய த-வும் இருந்தன. டீச்சரும் மற்றவர்களும் சின்ன ரி பாடும்போது அதற்கு அடுத்த வீட்டுப் பெரிய ரியை சார் கணீரென்று அழுத்திக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொன்னேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கீதம் அவரவர் காதைப் பொறுத்தது, ஒருத்தருக்குக் கூசுவது இன்னொருத்தருக்கு இனிக்கும், இதற்கெல்லாம் சட்டம் கிடையாது என்றார்.

“ஷேடு விசயத்துல பயர் இப்படிச் சொன்னா விட்டுருவீங்களா சார்? நாலு பேரு தனித்தனியா பாத்து மார்க் போடுங்கன்னுதானே சொல்லுவீங்க. இதுக்கும் போட்டுப் பாத்தர்லாம்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். சார் டிபன் பாக்ஸை மூடினார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து கோடு போட்ட ரிப்போர்ட் ஃபாரம் ஒன்றை எடுத்து, ‘ஷேடு’ என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு ‘கார்டு’ என்று எழுதினார்.

மறுநாள் அவர் கீபோர்டைக் கொண்டுவந்தார், நான் வயலினைக் கொண்டுவந்தேன். அவிநாசியிலிருந்து திருப்பூர், திருப்பூரிலிருந்து அருள்புரம் என்று இரண்டு பஸ். வயலின் பெட்டியைப் பார்த்துக் கண்டக்டர் தையல் மிஷினா என்று கேட்டார். லேபுக்குள் வாசிக்க முடியவில்லை. கீழே மிஷின்கள் ஓடும் சத்தம் தரை வழியாக வரும். லேபுக்கு அடுத்த அறையில் சாயம் ஏற்றாத துணி உருளைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். அதற்குள் போய்க் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது, நாங்கள் வாசிப்பதும் வெளியே போகாது.

முறை இதுதான். முதலில் கார்டை மட்டும் தனியாக அழுத்துவது, கேட்பவர் மார்க் போடுவது. பிறகு நான் ராகத்தின் சுரங்களை வயலினில் மேலே ஏறிக் கீழே இறங்கி வாசிப்பது. அது முடிந்ததும் அதே கார்டை அழுத்துவது, மறுபடி மார்க். எந்தக் கார்டு எப்போது வரும் என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக வெட்டித் தள்ளிய சாம்பிள் துண்டுகளின் பின்னால் கார்டு எண்களை எழுதி ஒரு பீக்கரில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். ஒரே கார்டு இரண்டு மூன்று முறை வரும்படியும் செய்திருந்தோம். லேபில் அது பழக்கம். ஒரே துண்டுக்கு இரண்டு தடவை ஒரே மார்க் போடுகிறாரா என்று பார்த்தால்தான் கண்ணை நம்பலாமா கூடாதா என்று தெரியும்.

தொடங்குமுன்பே சண்டை வந்தது. சாரின் கீபோர்டில் காந்தாரத்தை, அதாவது க சுரத்தை, அழுத்தச் சொல்லி, நான் அதே காந்தாரத்தை வயலினில் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து உவ் உவ் உவ் என்று அலையடித்தன. உன் விரல் இறங்கியிருக்கிறது என்றார் சார். உங்கள் கீபோர்டுதான் ஏறியிருக்கிறது என்றேன் நான். கடையிலிருந்து வரும்போதே சுருதி சேர்த்துத்தானே வருகிறது என்று அவர் கேட்க, என் காது ஒன்பது வருடம் சேர்த்த சுருதி என்று நான் சொல்ல, கடைசியில் சாயம் காய்ச்சும் நேரத்தைப் பார்க்க வைத்திருந்த ஸ்டாப் கிளாக்கை எடுத்து அலைகளை எண்ணினோம். பத்து நொடியில் இருபத்தைந்து, இருபத்தாறு. அப்புறம் நான் விரலை ஒரு மயிரிழை ஏற்றினேன். அலை மெல்ல மெல்ல நிதானித்து நின்றது. அந்த மயிரிழைதான் வித்தியாசம். ஸாவோடு சேர்த்து வாசித்தால் என் காந்தாரம்தான் அலையில்லாமல் படுக்கும் என்பதையும் வாசித்துக் காட்டினேன். கீபோர்டு எல்லா ராகத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் எதுவும் முழுசாகச் சேராது, எதுவும் ரொம்பவும் விலகாது என்று சார் பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னது, “செரி, ரெண்டுமே நாலு-அஞ்சுன்னு வெச்சுக்கலாம்,” என்பதுதான்.

முதலில் மார்க் போட உட்கார்ந்தவர் சாயப்பொடி விற்க வரும் பாய். செவ்வாயும் வெள்ளியும் வருவார். நல்ல ரசிகர், ரேடியோவில் எது பாடினாலும் தலையாட்டுவார். துணி உருளை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கார்டுக்கு மூணேகால் போட்டார். அப்படி ஒரு மார்க்கே கிடையாது என்றேன். எனக்கு அப்படித்தான் கேட்டது, வேண்டுமானால் கால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

பாயின் தாளிலேயே விசயம் தெரிந்துவிட்டது. ப-நி-பெரிய ரி சேர்ந்த கார்டைத் தனியாகக் கேட்டபோது ஐந்து போட்டிருந்தார். மாயாமாளவகௌளையை வாசித்த பிறகு அதே கார்டுக்கு இரண்டு. இரண்டும் ஒரே கார்டுதான் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. திரும்ப அழுத்திக் காட்டினார் சார்.

“இது தனியா வந்தா நல்ல மனுசன் சார்,” என்றார் பாய். “பாப்பா பிடில் வாசிச்சதுக்கு அப்புறம் வந்தா, தெரியாதவங்க ஊட்டுக்குள்ள செருப்போட வந்தவன் மாதிரி இருக்கறான்.”

சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டியூப்லைட்டில் சரியாக இருக்கிற ஷேடு வெயிலில் வேறாகத் தெரிவதில்லையா, அந்த மாதிரிதான் போலிருக்கிறது என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பாதி ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

அடுத்த இரண்டு வாரமும் மதிய நேரம் இப்படியே போனது. கீழேயிருந்து டையிங் மாஸ்டர் வந்து மார்க் போட்டார். அலுவலகத்தில் டைப் அடிக்கிற பெண் வந்து போட்டாள். நடுவில் ஒரு விபத்து. வில்லுக்குப் பூசும் பிசின் தூள், வாசிக்க வாசிக்க உதிரும். அது என் தாவணியில் ஒட்டி லேபுக்கு வந்து, பயருக்கு அனுப்ப வைத்திருந்த கறுப்புத் துண்டின் மேல் விழுந்துவிட்டது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று மாஸ்டர் ஒரு முழு நாள் தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அந்தத் துண்டை ரகசியமாக உதறி வைத்தோம். மாஸ்டரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வேறு ராகங்களையும் வைத்துப் பார்த்தோம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது மோகன ராகத்தில் வந்த முடிவு. மோகனத்துக்கு ஐந்தே சுரம், ம-வும் நி-யும் கிடையாது. ஆகவே ம சேர்ந்த கார்டு அங்கே அந்நியம்தான். ஆனால் அதற்கு எல்லோரும் நாலு போட்டார்கள். அதே சமயம் மாயாமாளவகௌளையில் பெரிய ரி வந்தால் இரண்டுக்கு மேல் யாரும் போடவில்லை. நானும் சாரும் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சார்தான் கண்டுபிடித்தார். ராகத்தில் காலியாக இருக்கிற இடத்தில் ஒரு புது சுரம் வந்து உட்கார்ந்தால் பெரும்பாலான காதுகள் கண்டுகொள்வதில்லை. ராகத்தில் ஏற்கெனவே ஒரு ரி இருக்கும்போது வேறொரு ரி வந்தால்தான் குத்துகிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயர் முதல் தடவையே ஷேடை ஓகே செய்துவிட்ட சந்தோஷம் இருந்தது. மாயாமாளவகௌளைக்குள்ளேயே கிடைக்கும் கார்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பாட்டைத் திருத்தினார். ச-க-ப இருந்தது. ம-வும் சின்ன த-வும் ஸாவும் சேர்ந்த சோகமான கார்டு ஒன்று, சின்ன ரியில் தொடங்கும் ஒன்று. எல்லாமே நாலுக்கு மேல் மார்க் வாங்கியவை.

ஆனால் சாருக்கு அது போதவில்லை. சர்ச்சுக்காரர்களே மார்க் போட வேண்டும், முக்கியமாக டீச்சர் போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பயிற்சி நேரத்தில் என்னை வயலினோடு வரச் சொன்னார். நான் சர்ச்சுக்குள் போனது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் விடுவதா, போட்டுக்கொண்டு போவதா என்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துச் சிரிக்காமல், அந்த ஓரமாக வையுங்க என்று கையைக் காட்டினவர்தான் டீச்சர். வெளிர்நீலச் சேலை, ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. இவரா அந்த ஆள் என்று எனக்குத் தோன்றியது.

பதினாறு பேருக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தோம். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடுங்க என்று சார் அவசரமாகச் சொல்லிவிட்டு கீபோர்டுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் நடந்தது. டீச்சர் தன் பையிலிருந்து அடிமட்டம் எடுத்துக் கட்டம் போட்டுக்கொண்டதை நான் வாசித்துக்கொண்டே பார்த்தேன்.

திங்கட்கிழமை லேபில் தாள்களைப் பிரித்தோம். பதினைந்து பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். டீச்சர் தாள் தலைகீழ். எல்லோரும் நாலு, ஐந்து போட்ட கார்டுகளுக்கு அவர் ஒன்று, இரண்டு. பல்லைக் கூச வைத்த அதே பழைய கார்டுக்கு, ராகத்துக்குப் பிறகு கேட்டபோது, ஐந்து. ஐந்து!

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. இது வீம்பு என்றார். நாம் திருத்தியதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறார், இந்தக் கிறிஸ்துமஸோடு குழுவை விட்டு விலகிவிடுகிறேன், பழையபடி ஹார்மோனியத்தை வைத்தே பாடிக்கொள்ளட்டும் என்றார். அன்று முழுக்க ஒரு ஷேடும் சரியாக வரவில்லை. ரோஜா நிறம் காய்ச்சினால் செங்கல் வந்தது.

நான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். என்னவோ உறுத்தியது. ஒரே கார்டை மூன்று முறை அழுத்தியிருந்தோம் அல்லவா? மற்றவர்கள் ஒரு தடவை நாலும் ஒரு தடவை மூன்றும் போட்டிருந்தார்கள். டீச்சர் மூன்று முறையும் ஒரே மார்க். ஒன்றுகூடப் பிசகவில்லை. வீம்புக்குத் தப்பாகப் போடுகிற ஆளால் இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் போட முடியாது. அதோடு, ச-வும் ப-வும் மட்டும் சேர்ந்த ஒலிக்கும் ஒன்று போட்டிருந்தார். தம்புராவில் கேட்பது அதுதான். அதைப் பிடிக்காதவர் உலகத்தில் யாரும் இருக்க முடியாது.

டீச்சர் வீடு அவிநாசி ரோட்டில், என் பஸ் போகிற வழிதான். அன்று மாலை நடுவில் இறங்கிப் போனேன். டீச்சர் ஹாலில் கோரைப்பாய் விரித்து, சுற்றிலும் காலாண்டுப் பரீட்சை மார்க் அட்டைகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா கண்ணு, உக்காரு என்று அட்டைகளை நகர்த்தி இடம் செய்தார். காபி குடிக்கிறாயா என்ற பேச்செல்லாம் முடிந்த பிறகு, தாளை எடுத்துக் காட்டி மெதுவாகக் கேட்டேன்.

“டீச்சர், இந்த ச-ப-வுக்கு ஏனுங்க ஒண்ணு போட்டீங்க?”

“அது அத்தன நல்லா இருந்துச்சே கண்ணு,” என்றார் டீச்சர். “அதுக்கு ஒண்ணு போடாம வேற எதுக்குப் போடறது?”

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் கையிலிருந்த அட்டையில் ரேங்க் என்ற கட்டத்தில் சிவப்பு மையில் அழகாக ‘1’ எழுதியிருந்தார். முதல் ரேங்க். இருபத்தெட்டு வருடமாக அவர் கைக்கு ஒன்று என்றால் முதலிடம். ஐந்து என்றால் ஐந்தாமிடம். சார் எது நல்லது, எது கெட்டது என்று சொல்லவே இல்லை.

நான் சிரித்துச் சிரித்து முடிக்கிற வரைக்கும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். விசயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. “அப்ப அந்தத் தம்பி நான் வேணும்னே போட்டன்னு நெனச்சுட்டு இருக்குதா? இன்னைக்கு ராத்திரி தூங்குமோ என்னமோ,” என்றார். நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சார் நான் சொல்வதை முழுசாகக் கேட்காமலே தாளை வாங்கினார். ஒவ்வொரு மார்க்கையும் ஆறிலிருந்து கழித்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். ஒன்று ஐந்தாகியது, ஐந்து ஒன்றாகியது. பாதிக்கு மேல் அவர் கை மெதுவாகிவிட்டது. திருப்பிப் போட்டுப் பார்த்தால், இருந்த எல்லாத் தாள்களிலும் கறாரானது டீச்சர் தாள்தான். மோகனத்தில் ம வந்தபோது நாங்கள் எல்லோரும் ஏமாந்து நாலு போட்டோமே, டீச்சர் ஏமாறவில்லை. இரண்டுதான் கொடுத்திருந்தார். ப-நி-சின்ன ரி சேர்ந்த ஒரு கரடுமுரடான கார்டு உண்டு. எல்லோரும் இரண்டு போட்டுத் தள்ளியது. திருப்பிப் பார்த்தால் டீச்சர் மட்டும் அதற்கு நாலு போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பின்னால் ஸா வர வேண்டும்’ என்று எழுதியிருந்தார். கோபத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

சார் எழுந்து துணி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்தக் கரடுமுரடான கார்டை அழுத்தி, அதிலிருந்து ச-க-ப-வுக்கு இறங்கினார். சின்ன ரி வழுக்கிக்கொண்டு ஸாவில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை அழுத்தினார், அப்புறம் இன்னொரு தடவை.

“இந்தக் காது நம்ம லேப்ல இருந்தா ஒரு லாட் ரிஜெக்ட் ஆகாதும்மா,” என்றார்.

அன்று மாலை நேராக டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். டீச்சரும் பதிலுக்குக் கேட்டிருக்கிறார். யார் தப்பு என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்று மறுநாள் பெருமையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு பயிற்சிக்கு நானும் ஞாயிறுதோறும் போனேன். டீச்சருக்கு எந்தக் கார்டின் பெயரும் தெரியாது. “அந்த அழுவற மாதிரி வருமே, அத இங்க போடுங்க,” என்பார். “இங்க ஒண்ணுமே வேண்டாம் தம்பி, கையெடுத்துருங்க,” என்பார். சார் எதிர்த்துப் பேசாமல் கையை எடுப்பார். மூன்றாவது அடியில் ஒரு இடத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு வாரம் ஒருவர் சொன்னபடி, மறுவாரம் இன்னொருவர் சொன்னபடி என்று வைத்து, கடைசியில் இளவட்டங்கள் கையைத் தூக்கி டீச்சரை ஜெயிக்க வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று பாட்டு நன்றாக வந்தது. பதினாறு குரலும் கீபோர்டும் வயலினும் ஒன்றோடொன்று இடிக்காமல் போய்ச் சேர்ந்தன. அந்தக் கரடுமுரடான கார்டு வந்து ஸாவில் இறங்கும்போது எனக்கு முதுகில் சில்லென்றது. பாட்டு முடிந்ததும் நான் ஜனங்களைப் பார்த்தேன். யாரோ குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பிறகு எல்லோரும் பேசியது, தேவதை வேஷம் போட்ட குழந்தையின் இறக்கை கழன்று விழுந்ததைப் பற்றித்தான். கேக் இந்த வருடம் பரவாயில்லை என்றார்கள். கார்டைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாத உழைப்பு, பீக்கர் பீக்கராகக் குலுக்கி எடுத்தது. சார் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொங்கிய முகத்தோடு நின்றார்.

டீச்சர் பக்கத்தில் வந்தார். “யாருக்கும் பல்லு கூசலீங்க தம்பி. கூசியிருந்தா இந்நேரம் வந்து சொல்லியிருப்பாங்க,” என்றார். சார் கையிலிருந்த கேக்கைச் சாப்பிட்டார்.

இதோடு நாங்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக சாருக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு டீச்சர் ஒரு கீர்த்தனையைக் காட்டினார். அது தோடி. சார் உடனே தாளை எடுத்து தோடியின் சுரங்களை எழுதி, அதற்குள் என்னென்ன கார்டு கிடைக்கும் என்று பொறுக்கினார். மாயாமாளவகௌளையைவிட அதிகமாகவே கிடைத்தன. துணி அறையில் நான் சுரங்களை ஏற்றி இறக்கி வாசித்தேன், பாய் மார்க் போட்டார். எல்லாம் நாலு, நாலு-அஞ்சு. சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

எனக்குத்தான் சந்தேகமாக இருந்தது. நான் வாசித்தது ஏணிப்படி மாதிரி ஏழு சுரம். தோடி அப்படி இருக்காது. அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, கீழேயும் மேலேயும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் தோடி. அடுத்த ஞாயிறு டீச்சர் அந்தக் கீர்த்தனையைப் பாட, சார் மார்க் வாங்கிய கார்டை அழுத்தினார். கார்டின் காந்தாரம் கம்பம் மாதிரி நின்றது. டீச்சரின் காந்தாரம் அதைச் சுற்றி ஆடி, ஒவ்வொரு தடவையும் அதன் மேல் மோதியது. வேறொன்றை அழுத்தினார், அதுவும் மோதியது. ஏழெட்டு கார்டுகள் மாற்றிப் பார்த்தார். டீச்சர் பாவம், நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தார்.

“மார்க்கெல்லாம் செரியாத்தானே வந்துச்சு?” என்று சார் என்னைப் பார்த்தார்.

நாம் ஏணிக்கு மார்க் போட்டோம் சார், பாட்டுக்குப் போடவில்லை என்று சொன்னேன். பாட்டை வைத்தே மறுபடி சோதித்தோம். ஒன்று, இரண்டுக்கு மேல் எதுவும் ஏறவில்லை. ச-ப மட்டும் ஐந்தில் அசையாமல் நின்றது. அதையும் எங்கேயாவது அழுத்தலாமா என்று சார் கேட்டார். வேண்டுமானால் தொடங்குமுன் ஒரு தடவை என்றார் டீச்சர்.

பெரிய வெள்ளி ஆராதனையில் அப்படித்தான் நடந்தது. சார் ச-ப-வை ஒரு தடவை அழுத்தி சுருதி கொடுத்தார். அப்புறம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் தனியாகப் பாடினார், நான் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனேன். ஏழெட்டு நிமிடம் சார் கீபோர்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அப்படி எதுவும் செய்யாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். ஊத்துக்குளியிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒருவர், நாலு பேரைத் தாண்டிக்கொண்டு சாரிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பாட்டு நடுவுல பொட்டி ரிப்பேருங்களா? எங்க ஊர்ல நல்ல மெக்கானிக் ஒருத்தர் இருக்காருங்க,” என்றார்.

சார் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, “ஆமாங்க. அட்ரஸ் குடுங்க, வந்து பாக்கறேன்,” என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.